சொல்லி அனுப்பியதும் செய்து முடித்ததும்
(பி.எச்.பி. இணையப் பக்கமும் அதன் பின்னணி வேலைகளும்)

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதுதான் பெருங்காயம் தீர்ந்துபோனது எங்கள் அம்மாவுக்குத் தெரியவரும். உடனே தம்பியைக் கடைக்கு அனுப்புவோம். "பெருங்காயம் வந்தாச்சா?" என்று பாட்டி கேட்பார். "தம்பியை அனுப்பியாச்சு பாட்டி" என்பேன் நான். "அனுப்பினது கிடக்கட்டும், வந்துச்சா?" என்று பாட்டி திரும்பவும் கேட்பார். அனுப்பியது வேறு, வந்து சேர்ந்தது வேறு என்பதைப் பாட்டி அறிந்திருந்தார். நானோ, ஒரு மழைநாளில் பிறர் துன்பப்பட்ட பிறகுதான் அறிந்துகொண்டேன். எங்கள் பள்ளி அலுவலகத்தின் இணையப் பக்கம் ஒன்றே அதை எனக்குக் கற்றுத் தந்தது. அன்புத் தோழியரே, கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும் வகையில் அந்தப் பாடத்தை இங்கே எழுத முயல்கிறேன்.

பி.எச்.பி. என்பது யாது?

பி.எச்.பி. என்பது இணையப் பக்கங்களை ஆக்குவதற்குப் பயன்படும் ஒரு கணினி மொழி. ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-ஆம் ஆண்டு தம் சொந்த இணையப் பக்கத்திற்காக இதை எழுதத் தொடங்கி, 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எல்லாருக்கும் வெளியிட்டார். நாம் கட்டுரைப் போட்டிகளுக்குக் குறிப்பெடுக்கும் விக்கிப்பீடியாவும் இந்த மொழியில் எழுதப்பட்ட மென்பொருளால்தான் இயங்குகிறது.

இதன் வேலைமுறை எளிது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். சேவையகம் எனப்படும் கணினியில் பி.எச்.பி. நிரல் ஓடுகிறது. பக்கத்தை ஆக்கி நமக்கு அனுப்புகிறது. அத்துடன் அந்த ஓட்டம் முடிந்துவிடுகிறது. கணப்பொழுதில் முடியும் வேலைகளுக்கு இது மிகவும் பொருத்தம்.

ஆனால் ஐந்நூறு பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால்? ஒரு செய்திக்கு ஒரு நொடி என்றாலும் எட்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். அதுவரை பொத்தானை அழுத்தியவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தாலும் அறுந்துவிடும். மேலும், ஒரு பக்கம் அளவுக்கு மீறி ஓடக் கூடாது என்று பி.எச்.பி.யே வரம்பு வைத்திருக்கிறது. நாம் மாற்றாதவரை அது 30 நொடிகள்.

இதற்காகத்தான் பின்னணி வேலை. பக்கம் தானே அந்த வேலையைச் செய்வதில்லை. 'எக்ஸெக்' என்னும் கட்டளையால் இன்னொரு நிரலை ஓடவிட்டு, தான் உடனே பதில் சொல்லிவிடுகிறது. அம்மா அடுப்பை விட்டு நகராமல் தம்பியைக் கடைக்கு அனுப்புவது போன்றது இது.

தம்பியை அனுப்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கட்டளையின் கடைசியில் 'ஆம்பர்சாண்ட்' குறியை இட வேண்டும். "இது முடியும்வரை காத்திராதே" என்பது அதன் பொருள். அடுத்து, அந்த நிரல் பேசுவதெல்லாம் ஒரு கோப்பிற்குப் போகுமாறு திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால், நிரல் முடியும்வரை பக்கம் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடும். "பின்னணியில் விட்டும் பக்கம் ஏன் நகரவில்லை?" என்று பலர் திகைப்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் நிபந்தனையை மறப்பதே ஆகும்.

மழைநாளில் நடந்தது

சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. முந்திய இரவு முழுவதும் கனமழை. காலை ஆறு மணிக்குத் தலைமைச் சகோதரி வகுப்பை நிறுத்திவிடுமாறு சொன்னார். அலுவலக அக்கா தம் வீட்டிலிருந்தே பள்ளிப் பக்கத்தைத் திறந்து, "இன்று வகுப்பு இல்லை" என்று தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினார். திரையில் 'அனைவருக்கும் அனுப்பப்பட்டது' என்ற வாசகம் வந்தது. அக்கா நிம்மதியாக வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எட்டரை மணிக்குப் பள்ளி வாயிலில் நாற்பது மாணவியர் நனைந்து நின்றோம். எவருக்கும் செய்தி வந்திருக்கவில்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் என் தோழியும் நின்றாள். வழியெல்லாம் தண்ணீர் என்பதால் அவளுடைய அம்மா துணைக்கு வந்திருந்தார். அவர் மீன் விற்பவர். காலைச் சந்தையை விட்டுவிட்டு வந்ததால் அன்றைய வருமானம் போயிற்று.

திங்கட்கிழமை அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். "நான் அனுப்பினேன், அனுப்பப்பட்டது என்று வந்ததே!" என்றார் அக்கா. நம்பியவர் சிலரே. "தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பார்" என்று பேசிக்கொண்டவர்கள் பலர். அலுவலக வாயிலில் அவர் கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால், அந்தப் பக்கத்தில் தோன்றும் வாசகங்களைத் தமிழில் எழுதும் பொறுப்பைக் கணினி மன்றத்தில் எனக்குத்தான் தந்திருந்தார்கள். 'அனைவருக்கும் அனுப்பப்பட்டது' என்பது நான் எழுதிய வரி. அது தோன்றும் நேரத்தில் ஒரு செய்திகூடப் போயிருக்காது. அந்த நேரத்தில் தம்பி இப்போதுதான் வாசற்படி இறங்கியிருப்பான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியோர் சொல்வது இதைத்தான்.

தேடிய முறை

அன்று மாலை கணினி ஆசிரியையிடம் சென்று இதைச் சொன்னேன். "முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம். ஊகம் வேண்டாம், ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்போம்" என்றார் ஆசிரியை.

முதற்கேள்வி: நிரல் கெட்டுவிட்டதா? ஆசிரியை கட்டளைத் திரையைத் திறந்து அந்த நிரலைத் தாமே ஓட்டினார். பட்டியலைப் படித்து, ஆசிரியையின் எண்ணுக்கு மட்டும் அனுப்பும் சோதனை அது. செய்தி ஒழுங்காக வந்தது. ஆக, கையால் ஓட்டினால் ஓடுகிறது, பக்கம் ஓட்டினால் ஓடவில்லை. பின்னணி வேலைகளில் மிகுதியாகக் காணப்படும் புதிர் இதுவே என்று ஆசிரியை சொன்னார்.

இரண்டாம் கேள்வி: பக்கத்தால் பிற நிரல்களை ஓட்ட முடிகிறதா? சில இடங்களில் பாதுகாப்புக் கருதி 'எக்ஸெக்' போன்ற கட்டளைகளைத் தடை செய்திருப்பார்கள். பி.எச்.பி.யின் அமைப்புக் கோப்பில் தடைப்பட்டியல் இருக்கும். எங்கள் கணினியில் அது வெறுமையாக இருந்தது. தேதியைச் சொல்லும் சிறு கட்டளையைப் பக்கத்தின் வழியாக ஓட்டிப் பார்த்தோம், தேதி வந்தது.

மூன்றாம் கேள்வி: ஓட்டுபவர் யார்? லினக்ஸ் கணினியில் 'ஹூ ஆம் ஐ' என்றொரு கட்டளை உண்டு. 'நான் யார்?' என்பது அதன் பொருள். கட்டளைத் திரையில் கேட்டால் ஆசிரியையின் பெயர் வந்தது. பக்கத்தின் வழியாகக் கேட்டால் சேவையகத்திற்கென்று ஒதுக்கப்பட்ட வேறொரு பெயர் வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாம் சோதிக்கும்போது ஓட்டுபவர் ஒருவர், உண்மையில் ஓட்டுபவர் வேறொருவர். அக்கா கடைக்குப் போனால் கடைக்காரர் கடன் தருவார், ஊருக்குப் புதிதாய் வந்த பிள்ளை போனால் தருவாரா?

நான்காம் கேள்வி: அது என்ன சொல்லிற்று? எங்கள் கட்டளையில், நிரல் பேசுவதெல்லாம் 'டெவ் நல்' என்ற இடத்திற்குத் திருப்பப்பட்டிருந்தது. அது அடியில்லாப் பானை போன்றது. எதைப் போட்டாலும் மறைந்துவிடும். ஆகவே நிரல் எத்தனை முறை அலறியிருந்தாலும் எவர் காதிலும் விழுந்திருக்காது. அதை மாற்றி ஒரு பதிவுக் கோப்பிற்குத் திருப்பினோம். ஒவ்வொரு நிரலுக்கும் பேச இரண்டு வாய்கள் உண்டு. 1 என்பது வழக்கமான வெளியீடு, 2 என்பது பிழை வெளியீடு. முதலாவதை மட்டும் திருப்பினால் பிழை நம் கைக்கு வராது. இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும்.

கண்டுபிடித்தது

மறுபடி ஓட்டினோம். பதிவுக் கோப்பில் ஒரு வரி வந்திருந்தது. பெற்றோர் எண்களின் பட்டியலைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்பது அதன் பொருள்.

காலாண்டு விடுமுறையில் பள்ளிப் பக்கங்களை ஒழுங்குபடுத்தியபோது, இந்தப் பக்கத்தை வேறொரு கோப்புறைக்கு மாற்றியிருந்தார்கள். நிரலிலோ பட்டியலின் பெயர் மட்டும் இருந்தது, முழு முகவரி இல்லை. வெறும் பெயரைச் சொன்னால், கணினி தான் நிற்கும் இடத்தில்தான் தேடும். கட்டளைத் திரையில் ஆசிரியை சரியான கோப்புறையில் நின்று ஓட்டியதால் கிடைத்தது. பக்கம் வேறிடத்தில் நின்றதால் கிடைக்கவில்லை. "மூலைக் கடைக்குப் போ" என்று சொல்லி அனுப்பினால், எந்தத் தெருவில் நிற்கிறோமோ அந்தத் தெருவின் மூலைக்குத்தானே போக முடியும்?

முழு முகவரியைக் கொடுத்து மீண்டும் ஓட்டினோம். இப்போது வேறொரு வரி. அனுமதி இல்லை! விடுமுறைக்குப் பின் புதிய பட்டியலை ஆசிரியை தம் பெயரில் நகலெடுத்து வைத்திருந்தார். அதன் அனுமதி எண் 600. லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கணக்கு. முதல் எண் உரியவருக்கு, அடுத்தது குழுவினருக்கு, கடைசி எண் மற்ற எல்லாருக்கும். எனவே 600 என்றால் உரியவர் படிக்கலாம், எழுதலாம், வேறு எவரும் தொட முடியாது.

"777 என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே, டீச்சர்!" என்றேன் அவசரமாக. ஆசிரியை தலையசைத்து மறுத்தார். "அது பெற்றோருடைய தொலைபேசி எண்கள், பாப்பா. வீட்டுச் சாவி ஒன்று தேவைப்படுகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதா?" என்றார். பிறகு அந்தக் கோப்பைச் சேவையகத்தின் குழுவில் சேர்த்து 640 என்று அமைத்தார். சேவையகம் படிக்கலாம், மாற்ற முடியாது. மற்றவர்கள் பார்க்கவே முடியாது. செய்தி உடனே போயிற்று.

ஒன்று மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. பட்டியலைத் திறக்க முடியாத நிரல் ஏன் தோற்றதாகக் காட்டவில்லை? கோப்பு இல்லையென்றால் பி.எச்.பி. ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே ஓடும். எண்கள் இல்லாததால் எவருக்கும் அனுப்பாமல், ஒரு நொடிக்குள் நல்ல பிள்ளையாக முடிந்துவிட்டது. எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். 0 என்றால் குறையின்றி முடிந்தது என்று பொருள். எங்கள் நிரலும் 0 என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது!

பிற காரணங்கள்

எல்லாருடைய கோளாறும் எங்களுடையதைப் போலவே இருக்கும் என்பதில்லை. ஆசிரியை சொல்லித் தந்த பிற காரணங்களையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. சோதிக்கும்போது ஆம்பர்சாண்ட் குறியை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். அது இருந்தால், "தொடங்கிவிட்டேன்" என்ற அளவில் பக்கத்திற்கு எப்போதும் 0-தான் கிடைக்கும். எடுத்துவிட்டால் உண்மையான எண் கிடைக்கும். 127 என்றால் அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கட்டளை கிடைத்தது, ஆனால் இயக்க முடியவில்லை. 137 என்றால் வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது, பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையால்.

2. கட்டளைகளைத் தேடும் வழிப்பட்டியல் நமக்கு ஒன்று, சேவையகத்திற்கு ஒன்று. ஆகவே பி.எச்.பி. நிரலின் இருப்பிடத்தையும் முழு முகவரியாகவே கொடுக்க வேண்டும்.

3. பக்கத்திற்கான பி.எச்.பி.யும் கட்டளைத் திரையின் பி.எச்.பி.யும் ஒரே கணினியில் வெவ்வேறு அமைப்புக் கோப்புகளைப் படிக்கலாம். கட்டளைத் திரையில் 30 நொடி வரம்பு கிடையாது. ஓரிடத்தில் இருக்கும் துணைப்பகுதி மற்றோரிடத்தில் இல்லாமலும் போகலாம்.

4. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே கட்டளையில் ஒட்டக் கூடாது. தீயவர் ஒருவர் அரைப்புள்ளி ஒன்றை இட்டு, அதன் பின் கோப்புகளை அழிக்கும் கட்டளையை எழுதிவிட்டால் அதுவும் ஓடிவிடும். 'எஸ்கேப் ஷெல் ஆர்க்' என்ற காப்பு உண்டு. ஆனால் பழைய பி.எச்.பி. பதிப்புகளில், கணினியின் மொழி அமைப்பு சரியாக இல்லாவிட்டால், அது தமிழ் எழுத்துகளை நீக்கிவிடுவதும் உண்டு. செய்தியைத் தரவுத்தளத்தில் எழுதிவைத்து, அதன் வரிசை எண்ணை மட்டும் கட்டளையில் கொடுப்பதே நல்லது.

5. இரண்டு முறை அழுத்தினால் இரண்டு நிரல்கள் ஓடி, பெற்றோருக்கு இரட்டைச் செய்தி போகும். தொடங்கும்போது ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொள்ளுமாறு எழுதினால் இரண்டாவது நிரல் தானே விலகிக்கொள்ளும்.

நாங்கள் செய்த மாற்றம்

இப்போது பொத்தானை அழுத்தினால் பக்கம் எந்த நிரலையும் நேராக ஓட்டுவதில்லை. தரவுத்தளத்தில் 'இந்தச் செய்தியை அனுப்ப வேண்டும்' என்று ஒரு வரி எழுதுகிறது. 'க்ரான்' என்னும் நேரங்காட்டி வசதி, நிமிடத்திற்கு ஒருமுறை எங்கள் நிரலை எழுப்புகிறது. அது வரியைப் படித்து வேலையைத் தொடங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் அனுப்பியதும் குறித்துக்கொள்கிறது. பட்டியல் கிடைக்காவிட்டால் 'தோல்வி' என்று எழுதிவிட்டு, 0 அல்லாத எண்ணைச் சொல்லி நிற்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் எதுவரை முடிந்தது என்பது தெரியும்.

வாசகங்களை மாற்றும் வேலை என்னுடையது. பழைய வரியை அழித்துவிட்டு, 'வேலை பதிவாயிற்று, இன்னும் தொடங்கவில்லை' என்று எழுதினேன். பிறகு 'ஐந்நூறில் இத்தனை பேருக்குப் போயிற்று' என்று எண்ணிக்கை காட்டும். கடைசியில், போகாத எண்களின் பட்டியல் வரும். முன்னதைப்போல் அழகான வாசகங்கள் அல்ல. ஆனால் ஒன்றுகூடப் பொய் அல்ல.

எல்லாம் முடிந்த பின், ஆசிரியையுடன் தலைமைச் சகோதரியின் அறைக்குச் சென்றேன். பதிவுக் கோப்பின் அந்த இரண்டு வரிகளைக் காட்டி, அக்கா பொத்தானை அழுத்தியது உண்மை, திரையில் பொய் சொன்ன வரி என்னுடையது என்று சொன்னேன். சகோதரி அக்காவை அழைத்து, எங்கள் முன்னிலையிலேயே, தாம் ஐயப்பட்டதற்கு வருந்துவதாகச் சொன்னார். நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோபிக்கவில்லை. "அடுத்த மழைக்கு முன்னாடி சரியா ஓடுதான்னு பாத்துடு, பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் மறுபடியும் மழை வந்தது. அன்று காலை மூன்று எண்களுக்குச் செய்தி போகவில்லை என்று பக்கம் காட்டிற்று. அக்கா பதிவேட்டைப் புரட்டி அந்த மூன்று வீட்டுக்கும் ஆள் பிடித்துத் தகவல் சொன்னார். அவற்றுள் ஒன்று கடற்கரைக் குப்பத்து என் தோழியின் வீடு. அவள் அம்மாவின் எண் மாறியிருந்தது. பக்கத்து வீட்டார் மூலம் செய்தி போய்ச் சேர்ந்தது. அன்று அவர் சந்தைக்குப் போனார்.

முடிவுரை

தோழியரே, பின்னணியில் ஓடும் நிரலை நாம் கண்ணால் காண முடியாது. ஆகவே அது பேச ஒரு பதிவேடு கொடுக்க வேண்டும். அது யார் பெயரில், எந்த இடத்தில், எந்த அனுமதியோடு ஓடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். நம் கையால் ஓட்டிச் சோதித்தது போதும் என்று இருந்துவிடாமல், உண்மையில் ஓட்டுபவர் வழியாகவே சோதிக்க வேண்டும். சத்தமில்லை என்பதால் குறையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்ததை மட்டுமே திரையில் சொல்ல வேண்டும். ஏனெனில் கணினி சொன்னால் மக்கள் நம்புகிறார்கள். அது தவறும்போது கணினியை எவரும் குறை சொல்வதில்லை. பொத்தானை அழுத்தியவரையே குறை சொல்கிறார்கள்.

இப்போதெல்லாம் பாட்டி கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன்: "தம்பி போயிருக்கான் பாட்டி, இன்னும் வரல."